குதிரை அட்டை

நாரின் ஆற்றுக்கு மேலே, மலைச்சரிவில் பள்ளிக்கூடம்.
மைனஸ் இருபத்திரண்டு.
மூன்றாம் வகுப்பு. பதினேழு பிள்ளைகள், பதினாறு தொப்பிகள்.
ஜிபாரின் தொப்பியைக் கன்று தின்றுவிட்டதாம்.

"மின்சாரம் பல்புக்குள் போனால்
வெளிச்சமாக மாறும், பாருங்கள்"
என்று சுவிட்சைத் தட்டினேன்.
மாறவில்லை.
அணையில் தண்ணீர் குறைந்த வருஷம் இது.
பத்து மணிக்குப் பிடுங்கிவிடுவார்கள் என்று
பாடத்திட்டம் எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள்.
சிரிப்பு வெண்புகையாய் வந்தது.
"இதுவும் ஆற்றல்தானே, எஜே?" என்றான் சஞ்சார்.
ஒலி, வெப்பம், இரண்டும் என்று
அந்தப் புகையிலேயே பாடத்தைத் தொடங்கினேன்.

உள்ளங்கையைத் தேய்க்கச் சொன்னேன்.
குதிக்கச் சொன்னேன்.
முப்பத்து நான்கு பூட்ஸ் ஒரே சமயம் இறங்க,
கீழ்த்தளத்துக் கணக்கு வாத்தியார்
குச்சியால் கூரையை இடித்தார்.
"அது இயக்க ஆற்றல்"
என்று குமுஷ் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அடுப்புக்கு வந்தோம்.
புத்தகம் அதை உயிர்த்திரள் என்கிறது.
அப்படியொரு பொருளை இங்கே யாரும் கண்டதில்லை.
குளிர்காலம் முழுக்கப் பட்டியில்
ஆடுகள் மிதித்து மிதித்து இறுக,
வசந்தத்தில் மண்வெட்டியால்
செங்கல் செங்கலாய்ப் பெயர்த்துச்
சுவரோரம் அடுக்குவோமே, அந்த வறட்டி என்றதும்
'ஓ, அதுவா' என்றது வகுப்பு.

வறட்டிக்கு முன்னால்?
ஆடு.
ஆட்டுக்கு முன்னால்?
புல்.
புல்லுக்கு முன்னால்?
மழை என்றது பாதி, வெயில் என்றது மீதி.
வெயிலுக்கு முன்னால், என்று ஊல்கான் என்னையே கேட்டாள்.
மணி அடித்துவிட்டது என்று சொல்லித் தப்பலாம்.
மணிக்கும் மின்சாரம் வேண்டும்.

பலகையின் நடுவே ஒரு கோடு போட்டேன்.
இடப்பக்கம் தீராதவை, வலப்பக்கம் தீர்ந்துபோகிறவை.
காற்று, ஆறு, வெயில், வெந்நீர் ஊற்று
ஓடிப்போய் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டன.
டீசலும், மலைக்குப் பின்னாலிருந்து லாரியில் வரும் நிலக்கரியும்
வலப்பக்கம்.
பெட்டியில் ஒரு குதிரை மிச்சமிருந்தது,
போன மாதத்து விலங்குகள் பாடத்திலிருந்து
எப்படியோ வழிதவறி வந்தது.

"தீராதது" என்றான் சஞ்சார்.
"புல் போட்டால் ஓடும். மறுநாளும் ஓடும்."
வாயே திறக்காத தைலாக் எழுந்து வந்தான்.
காந்தத்தை நகர்த்திக்
குதிரையை வலப்பக்கம் வைத்தான்.
"எங்களுடையது புத்தாண்டுக்கு முந்தின நாள் தீர்ந்தது."

"குட்டி போட்டிருந்தால்?" என்றான் சஞ்சார்.
"அது ஆண்."

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று
அடுத்த பக்கத்தில் இருக்கிறது,
கட்டம் கட்டி, தடித்த எழுத்தில்.
அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை.
குமுஷ் போய் அட்டையைச்
சரியாகக் கோட்டின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மேசை மேல் என் தேநீர் ஏடு படிந்து கிடந்தது.
ஊல்கான் விடுவதாக இல்லை.
"ஆறிப்போன தேநீரின் ஆற்றல் எங்கே போனது?"
எங்கும் போகவில்லை,
இந்த அறைக்குள்தான் எங்கேயோ இருக்கிறது என்றேன்.
பதினேழு பேரும் மெல்லச் சுற்றிப் பார்த்தார்கள்.
தைலாக் மட்டும் ஜன்னலைப் பார்த்தான்.

நாலு மணிக்கு மின்சாரம் வந்தது.
காலையில் நான் சொன்னது போலவே
வெளிச்சமாக மாறி,
காலிப் பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தியது பல்பு.

அட்டைகளை எண்ணி எடுத்தேன்.
கோட்டின் மேல் காந்தம் மட்டும் இருந்தது.

யாரென்று கேட்கப் போவதில்லை.
பெட்டி மூடியில் 'பதின்மூன்று' என்பதை அடித்துப்
'பன்னிரண்டு' என்று எழுதிவிட்டு
விளக்கை அணைத்தேன்.