நான்கு மணி முனை

ஆர்க்கோ ஊருக்குத் தெற்கே
எரிமலை கக்கிய கறுப்புக் கல்
மைல் கணக்கில் கிடக்கிறது.
நிலாவுக்குப் போகிறவர்கள்
கல்லைப் பார்க்கப் பழக இங்கே வந்தார்கள், ஒரு காலத்தில்.
அதே கல்லில் என் பூட்ஸ் இரண்டு ஜோடி கிழிந்திருக்கிறது.

என் வேலை குழாய் பற்றவைப்பது.
விரல் பருமன், கை நீளம், உள்ளே சோடியம்.
உலையின் சூட்டை அது வாங்கி ஆவியாகும்,
மறுமுனையில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்,
கூலி கேட்காத சுமைகாரனைப் போல.

அங்கே ஓர் இரவு என்பது
நம் கணக்கில் பதினான்கு நாள்.
சூரியத் தகடு செத்துவிடும். பேட்டரி விறைத்துவிடும்.
அதனால்தான் உலை.
நூறு கிலோவாட்:
எங்கள் தெருவும் அடுத்த தெருவும்
கோடையில் ஏசி போட்டால் தீர்ந்துபோகும்.

செவ்வாய்க்கிழமை ஹால்வர்சன் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்:
பெய்ஜிங்கும் மாஸ்கோவும் சேர்ந்து ஒன்று வைக்கப்போகிறார்கள்.
நம் தேதியை முன்னால் இழுத்தாயிற்று.
பனி உறைந்த பள்ளங்கள் தென் துருவத்தில் கொஞ்சம்தான்.
முதலில் உலை வைத்தவர்
சுற்றிலும் கோடு கிழித்து
பாதுகாப்பு கருதி யாரும் வரவேண்டாம் எனலாம்.

வெர்னன் டெண்டோய் டோனட்டை மென்றபடி கேட்டான்:
“வேலி கம்பியிலா, காகிதத்திலா?”
யாரும் சிரிக்கவில்லை.
அவன் ஃபோர்ட் ஹால் ஒதுக்கிடத்துக்காரன்.
காகித வேலியை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.
சரி.
இது பந்தியா படையா என்பதைத்தான்
அந்தக் கூட்டத்தில் சொல்லவில்லை.

போன மாதம் ஏழாவது குழாய் வெடித்தது.
தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நொடி மஞ்சள்,
பிறகு புகை, பிறகு படிவங்கள்.
பற்றில் மயிரிழை விரிசல்.
குழாயின் வாயைக் கடிகாரம் என்று வைத்துக்கொண்டால்
நான்கு மணி முனை.
அங்கே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்.
திருப்பும்போது என்னையறியாமல் மூச்சை விட்டுவிடுகிறேன்.

நூலகத்தில் சியான் நகரத்து ஆய்வுக் கட்டுரை ஒன்று கிடைத்தது.
சமன்பாடுகளைத் தாண்டிப் போனேன்.
படம் மூன்று.
குழாய். விரிசல்.
நான்கு மணி.

யாரோ அங்கேயும் மூச்சை விட்டிருக்கிறார்.

தலைப்புக்குக் கீழே ஆறு பெயர்கள்.
பற்றவைத்த கையின் பெயர் அதில் இருக்காது.
எங்கள் கட்டுரைகளிலும் லோர்னா ட்வைட் என்று
இதுவரை அச்சானதில்லை.

முழங்கைக்கு அடியில் ஒரு மரக்கட்டை வை.
அவ்வளவுதான் விஷயம்.
அதன் பிறகு முப்பத்து மூன்று குழாய், ஒரு கீறல் இல்லை.
இதை அங்கே எழுதி அனுப்பினால் எனக்குச் சிறை.
ஒவ்வொரு ஜனவரியும் ஒரு வீடியோ காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.
கட்டைத் துண்டும் நாட்டின் ரகசியம்.

வியாழன் இரவு பனிப்புயல். கம்பி அறுந்தது.
உலகிலேயே முதலில் அணுவால் விளக்கெரிந்த ஊர் என்று
சுவரில் எழுதிவைத்த ஊர்,
மெழுகுவர்த்தியைத் தேடி இழுப்பறைகளைக் குடைந்தது.
மூன்று மணிக்கு மேகம் விலகியது.
பாதி நிலா.
இருட்டுப் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோடு எதுவும் தெரியவில்லை.
தெரியுமளவுக்கு என் கண்ணாடியும் நல்லதில்லை.

மின்கட்டண ரசீதின் பின்புறம்
கட்டையை வரைந்தேன், முழங்கையை வரைந்தேன்.
கை கோணலாக வந்தது.
முகவரி எழுத வேண்டிய இடத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
ஃபிரிட்ஜ் இருமிக்கொண்டு உயிர் பெற்றபோது
அதை மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் செருகினேன்.

காலையில் நாற்பத்தோராவது குழாய்.
நான்கு மணிக்கு வந்தேன்.
கட்டை இருந்தது. மூச்சும் இருந்தது.
“என்ன, சிலையாகிவிட்டாயா?” என்றான் வெர்னன்.
ஐந்து மணி முனைக்குப் போகும்வரை
பதில் சொல்லவில்லை.