மாதிரி எண் பதினேழு

முதலில் குழாயின் வாயைச் சுட வேண்டும்.
நீல நெருப்பு, பதினைந்து எண்ணும் வரை.
பிறகு திறந்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும்.
அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான்
போகிறவர் வருகிறவரிடம் நான் திட்டு வாங்குவது:
"தண்ணி வீணாப் போவுதேம்மா."
போகட்டும். இரவெல்லாம் குழாய்க்குள் தூங்கிய நீர்
சரியாகப் பேசாது.

சாட்ஸ்வர்த்தில் எனக்கு முப்பத்தொரு குழாய்கள்.
கிராஃப்ட்டீன் கிளினிக், ஷால்கிராஸில் ஒரு பள்ளிக்கூடம்,
கோயிலுக்குப் பின்னால் கால் கழுவும் இடம்,
பதினேழாவது, வெஸ்ட்கிளிஃப் பெட்ரோல் பங்க்.
சின்னக் குழலில் பிடித்து மருந்துத் துளி விட்டதும்
நீர் ரோஜா நிறமாகும்.
எவ்வளவு ரோஜாவோ அவ்வளவு குளோரின்.
எழுதிக்கொள்வேன். மணி ஒன்பது நாற்பது.

நான் குனிந்திருக்கும் இடத்திலிருந்து நாலடி தள்ளி
கடைக்கதவுக்கு வெளியே
பாட்டில் தண்ணீரை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.
டர்பன் வெயில் அதன் மடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடே சாப்பிடும்.
லேபிளில் ஒரு பனிமலை. யாருடைய மலையும் அல்ல.
பின்பக்கம், எறும்பெழுத்தில்:
மூலம், மாநகராட்சி நீர். வடிகட்டியது.
அதாவது இதே குழாய்தான்
சட்டை மாற்றிக்கொண்டு
பதினாறு ராண்டுக்கு நிற்கிறது.
அதன் வாயை யார் சுடுகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை?
கேட்டுப் பார்த்தேன். கடைப்பையன் விலையைச் சொன்னான்.

வீட்டில் தனபாலன் அதைத்தான் வாங்குகிறான்.
இருபத்துநாலு பாட்டில் கட்டு,
சனி ஞாயிறு காரின் பின்சீட்டில் வெந்து
திங்கட்கிழமை ஃப்ரிட்ஜுக்கு வரும்.
"குழாய்த்தண்ணில நீச்சல்குள நாத்தம்."
"அந்த நாத்தம்தான் காவல்காரன்."
"வெள்ளத்தப்ப உன் காவல்காரன் எங்க போனான்?"

பதில் உண்டு. ஆனால் குரல் இறங்கிவிடும்.
மண் சரிந்து பெருங்குழாய் முறிந்த அந்த ஏப்ரலில்
பதினோரு நாள் எங்கள் குழாய்கள் காற்றை இருமின.
நானும் வரிசையில் நின்றேன். நானும் பாட்டில் குடித்தேன்.
தண்ணீர் திரும்பிய மறுநாள் இரவு
என் முப்பத்தொன்றில் நாலு, மஞ்சளாய் முளைத்தது.
நானே போன் செய்தேன், மணி பதினொன்று.
விடிவதற்குள் ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாய்ப் போனது:
கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

குழாய்க்குக் காய்ச்சல் என்றால் ஊரைக் கூட்டிச் சொல்கிறோம்.
பாட்டில் வாய் திறந்து நான் கேட்டது
மூடி முறியும் அந்தச் சின்ன 'டிக்' மட்டும்.
அதைத்தான் நம்பிக்கை என்று வாங்கி வருகிறான்.

காலிப் பாட்டில்களைப் பற்றி அவனிடம் பேசுவதில்லை.
உம்கேனி முகத்துவாரத்தில், மழைக்குப் பிறகு,
நீரைத் தொட அவற்றை விலக்க வேண்டியிருந்தது
பாசியை விலக்குவதுபோல.

போன வியாழன், வழியில் டயர் போய்
ஆய்வகம் மூடிவிட்டது.
குப்பிகளை எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்தேன்,
மேல்தட்டில். கீழே அவனுடைய பனிமலைகள்.
நடுராத்திரி சமையலறையில் வெளிச்சம்.
மடக் மடக்கென்ற சத்தம்.
"இது நல்லாருக்கே. எந்தக் கம்பெனி?"
குப்பியில் என் கையெழுத்து.
பதினேழு. வெஸ்ட்கிளிஃப். ஒன்பது நாற்பது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்:
குப்பிக்குள் முன்கூட்டியே ஒரு துகள் உப்பு போட்டிருக்கும்,
குளோரினை அடக்க. வாசனை வராததற்கு அதுதான் காரணம்.
சொன்னால் ஜெயித்துவிடுவான்.
ஜாடியில் பிடித்து ஓரிரவு திறந்து வைத்தாலும்
அந்த வாசனை பெரும்பாலும் போய்விடும் என்பதை
வேறொரு நாள் சொல்லலாம்.

காலையில் மறுபடி அதே குழாய், அதே நெருப்பு.
'மறுமாதிரி எடுக்கக் காரணம்' என்ற கட்டத்தின் கீழே
உடைந்தது, கசிந்தது, நேரம் கடந்தது
என்று அச்சடித்திருக்கிறார்கள்.
எதிலும் குறி போடவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
ஒருவர் குடித்துவிட்டார். நலமாக இருக்கிறார்.