நாற்பத்தொன்றாம் விளக்கு

இரவு பத்துக்கு பிரேக்கரை இறக்கினேன்.
கீழ்த்தளம் ஒருமுறை கண் மூடி
மறுகணம் வேறு கண்களால் விழித்தது.
சுவருக்குச் சுவர் ஒரு பேட்டரிப் பெட்டி,
அதன்மேல் இரண்டு தலை,
நண்டு எட்டிப் பார்ப்பதுபோல.

எட்டு மணி நேரம் எரிய வேண்டும்.
ஏன் எட்டு என்று வோய்சிக்கிடம் ஒருநாள் கேட்டேன்.
"ஒரு ஷிஃப்ட்" என்றார். பிறகு, "தெரியாது" என்றார்.
அந்த இரண்டாவது பதிலுக்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

வெளியே மிச்சிகன் ஏரி, பிப்ரவரி.
பனிப்பாளம் பனிப்பாளத்தின் மேல் ஏறி முனகுவது
இத்தனை கான்கிரீட்டுக்குள் கேட்காது.
ஆனாலும் அது அங்கே இருப்பது
பல்வலி மாதிரி தெரியும்.

தீப்பிடித்தால்
மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவன் ஓடி வருவான்.
அவனுக்கு வழி தெரிய வேண்டும்,
வால்வின் சக்கரம் தெரிய வேண்டும்,
தகட்டில் பொறித்த எண்ணும்,
தன் கை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதும்.
உலையின் சூடு அவனுக்காகக் காத்திருக்காது.
அத்தனைக்கும் இந்தப் பெட்டிதான்,
ஒரு காரைக் கிளப்பும் அளவு மின்சாரம்.

மணிக்கொரு தரம் பா ஹூவா வருவாள்.
கேபிள்கள் சுவரைத் துளைக்கும் இடத்தில்
அடைப்பைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.
புது நுரை இறுகிக் கையெழுத்தாகும்வரை
அந்தச் சுவர் சுவராகாது.
சுவருக்குப் பதில் அவள்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
மணிக்குப் பதினெட்டு டாலருக்கு.
முகர்ந்து பார்ப்பாள்,
புறங்கையால் கதவைத் தொடுவாள்,
அட்டையில் எழுதுவாள்: தீ இல்லை.
இருபத்திரண்டு இரவுகளாக
இல்லாத ஒன்றை
ஒரே கையெழுத்தில்.

மூன்று மணிக்கு நாற்பத்தொன்றைக் கண்டேன்.
நன்றாகத்தான் எரிந்தது.
ஆனால் இரண்டு தலையும் தரையைப் பார்த்திருக்க,
வால்வு இருட்டில் நின்றது.
பெயின்டர் எவனோ திருப்பியிருப்பான் என்று
பேனாவைத் திறந்தேன்.

"நான்தான்" என்றாள் பின்னாலிருந்து.
கால்சட்டையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினாள்.
கத்தரிப்பூ நிறம், ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.
போன வாரம் மின்சாரம் நிறுத்தினார்களே, அன்று.
காலடியில் ஒரு படி,
பாதி உயரமே உள்ள படி,
எந்த வரைபடத்திலும் இல்லாதது.

"வால்வு எங்கேயும் போகாது.
நடக்கிறது நான்."

இதற்கு விதியில் பதில் இருக்கிறது.
எனக்கு அப்போது வாயில் வரவில்லை.
ஒரு தலையை வால்வுக்குத் திருப்பினேன்,
மற்றதைத் தொடவில்லை.
மீட்டரைப் பிடித்தேன்.
முள் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நடுங்கியது.
'திருப்பியவர் யார்' என்றொரு கட்டம் படிவத்தில்.
காலியாக விட்டேன். அது சரியல்ல.

ஐந்து ஐம்பத்திரண்டு.
முதலில் மஞ்சளானது, பிறகு தேநீர் நிறம்,
பிறகு இழை மட்டும் சிவப்பாக,
திட்டு வாங்கிய காதுமடல்போல.
பிறகு குளிர்ந்துவிட்டது
நாற்பத்தொன்று,
எட்டே நிமிடம் பாக்கி வைத்து.

டார்ச் இடுப்பில்தான் இருந்தது. எடுக்கவில்லை.
ஓடி வரும் அந்த ஒருவன் நானே என்று வைத்துக்கொண்டு
கையை நீட்டினேன்.
குழாய் கிடைத்தது.
பா ஹூவாவின் தோள் கிடைத்தது.
நான்கு மணி நேரம் முன்பு அளந்து பார்த்த சக்கரம்
கிடைக்கவே இல்லை.
பக்கத்தில் அவள் மூச்சை இழுத்து முகர்வது கேட்டது,
பிறகு பேனாவின் கீறல்.

ஆறு மணி. பிரேக்கரை ஏற்றினேன்.
தேறவில்லை என்று எழுதினேன், பேட்டரி கேட்டு எழுதினேன்,
படியைப் பற்றித் தனித்தாளில் எழுதினேன்.

அவள் அட்டையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
இருட்டில் எழுதிய வரி சறுக்கி
ஏழு மணிக் கட்டத்துக்குள் விழுந்திருந்தது.
அடித்தாள். கையெழுத்திட்டாள்.
உரிய கட்டத்தில் மறுபடி எழுதினாள்.

"ஏழுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது" என்றாள்,
"இப்போதே எப்படிச் சொல்ல?"