முப்பத்தேழு நெல்

ஊசியில் நூல் கோர்க்கிறவன் இடக்கண்ணை மூடுவான்.
இருபது வருஷப் பழக்கம்.
"மூடாத மச்சான்" என்றான் மிஹ்ளார்,
"ரெண்டு கண்ணும் வேணும்.
புறா ஒரு பக்கத்தால மட்டும் பறக்காது."

என்னிலும் பதினொரு வயசு இளையவன்,
மனைவியின் தம்பி.
வயல் அவளுடைய சீதனம்,
துவக்கு இவனுடைய பெயரில்,
புறா யாருடையது என்று நான் கேட்கவில்லை.

வாகனேரி வட்டை. ஐப்பசி.
மழை வானத்தில் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.
புழுதியில் விதைத்து மூன்றாம் நாள்.
விளாத்தி மரத்தடியில் குந்தினோம்,
பனியில் நனைந்த சாரம் முழங்காலில் ஒட்டியது.

தோட்டா ஒன்றைக் கையில் வைத்தான்.
சிவப்பு, பித்தளை அடி,
என் கடை நூற்கட்டையின் பருமன்.
"தோளுக்குள்ள இறுக்கு. இடைவெளி விட்டா உதைக்கும்.
கன்னத்தக் கட்டையில வை.
புறாவுக்குச் சுடாத,
அது போகப்போற இடத்துக்குச் சுடு."
விளங்கியது.
வளர்கிற பிள்ளைக்குச் சட்டை வெட்டுவதுபோல,
இரண்டு அங்குலம் நாளைக்கு விட்டு.

அவனிடம் சொல்லாதது ஒன்று:
வெடிச் சத்தத்தில் எனக்கும் படிப்பு உண்டு.
படுத்துக்கிடந்து படித்தது.
எது கிட்ட, எது தூர,
எதற்கு விளக்கை அணைக்க வேண்டும்,
எதற்குப் பிறகு நாய்களும் குரைக்காது.
சத்தத்தின் இந்தப் பக்கம்
இன்றுதான் வந்திருக்கிறேன்.

மணிப்புறாக்கள் இறங்கின. பன்னிரண்டு, பதினைந்து.
கல்யாண வீட்டுக்கு நேரத்தோடு வந்துவிட்டவர்கள் மாதிரி
அங்குமிங்கும் பார்த்தன,
பிறகு கூச்சம் விட்டுக் கொத்தின.
"பிஸ்மில்லா சொல்லு."
சொன்னேன். இழுத்தேன்.

உலகம் தோளில் வந்து விழுந்தது.
புழுதி கிளம்பியது.
புறா ஒன்றும் விழவில்லை.
விழுந்தது நேசம்மா.

பக்கத்து வயலில் வரம்பு செதுக்கிக்கொண்டிருந்தவள்.
மண்வெட்டி ஒரு பக்கம், தான் ஒரு பக்கம்,
முகம் மண்ணில்,
இரண்டு கையும் பிடரியில்.
அந்தக் கிடை எனக்குத் தெரியும்.
அளவெடுக்காமலே தெரியும்.

நாங்கள் ஓடிப்போவதற்குள் எழும்பிவிட்டாள்.
புழுதியைத் துப்பினாள்,
எங்களை ஏசினாள்,
பிறகு தன்னைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள்.
"இத்தின வருசமாச்சு,
முடிஞ்சுதெண்டு இந்த உடம்புக்கு ஆரும் சொல்லல்ல கா.
சுடுறதெண்டாச் சொல்லிப்போட்டுச் சுடுங்க."

போதும் என்றேன்.
மிஹ்ளார் இரண்டாம் தோட்டாவை நீட்டினான்.
"இண்டைக்கே இன்னொண்டு. நாளைக்குத் தோள் வீங்கினா ஏலாது."

அரை மணித்தியாலம். திரும்பவும் புறா.
நான் குறிவைக்க
அவன் எழும்பி நின்று
"அக்காவ், வெடி!" என்று கத்தினான்.
நேசம்மா காதைப் பொத்தினாள்,
புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின,
நான் இரண்டு கண்ணும் திறந்து
ஒன்றுமே இல்லாத ஓர் இடத்துக்குச் சுட்டேன்.
ஒன்று அந்த இடத்துக்கு வந்தது.

கத்தி போட்டது அவன்தான். எனக்குக் கை நடுங்கியது.
கழுத்தில் கறுப்பில் வெள்ளைப் புள்ளி.
அதே டிசைனில் போன பெருநாளைக்கு
மூன்று சட்டை தைத்தேன்.
இரைப்பையைக் கீறி உள்ளங்கையில் கொட்டினான்.
முப்பத்தேழு நெல். எண்ணியது நான்.
ஒன்றைப் பல்லில் உடைத்தான்.
உள்ளே சிவப்பு.
"நாம விதைச்சது வெள்ளை" என்றான்.
அவ்வளவுதான் சொன்னான்.
இருவரும் வரம்புக்கு அந்தப் பக்கம் பார்த்தோம்.

புறாவை நேசம்மாவிடம் நீட்டினேன்.
"எனக்கென்னத்துக்கு? இண்டைக்கு வெள்ளி.
அந்த நெல்லத் தா."
உடையாத முப்பத்தாறையும் வாங்கி
சேலைத் தலைப்பில் ஈரம் ஒற்றி
அவணக் கணக்கில் விதைக்கிறவளின் அதே கைவீச்சில்
தன் வயலுக்குள் எறிந்தாள்.

விளாத்தியில் இருந்து புறாக்கள் பார்த்தன.

ஜும்ஆவுக்குக் குளித்தபோது
தோளில் ஊதா நிறம் ஏறியிருந்தது,
உள்ளங்கை அகலத்துக்கு.