கயிற்றின் நிறம்

மருந்துக்கடை டோ மியா யின்
வலைப்பக்கம் வேண்டும் என்றபோது
முதலில் சொன்ன சொல் தங்கம்.
திறந்ததும் தங்கமாய் இருக்கணும்,
படம் படமாய் ஓடணும்,
பார்த்தவன் வாயைப் பிளக்கணும்.
தலையாட்டினேன்.
முன்பணம் அதற்குள் அரிசியாகியிருந்தது.

பதினோரு நாள்.
ரங்கூன் ஐம்பத்தோராம் தெரு, ஆறாம் மாடி.
மின்தூக்கி கிடையாது,
மின்சாரமும் முறை வைத்துத்தான்.
வந்தபோது வேலை செய்தேன்,
போனபோது கண்ணை மூடிக் கட்டங்களை நகர்த்தினேன்:
பன்னிரண்டு பத்தி, நிழல் விழும் பொத்தான்,
சுட்டி பட்டால் மலரும் மாத்திரைப் பட்டை.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
என் திரையில்
விடிகாலை மூன்று மணிக்கு.

டோ மியா யின்னின் கைப்பேசி
மூலை உடைந்தது. அதில் திறந்தேன்.
வட்டம் சுற்றியது.
அவர் ஒரு வெற்றிலை மடித்து, போட்டு, மென்றார்.
வட்டம் சுற்றியது.
இருமல் மருந்துக்கு வந்த பையன்
வாங்கி, சில்லறை எண்ணி, போயும்விட்டான்.
கடைசியில் தங்கத்தின் மேல்பாதி மட்டும் வந்து நின்றது.
பர்மிய அடுக்கெழுத்துகளுக்கு
தலையும் காலும் வெட்டுப்பட்டிருந்தன.
கடைத்தெருவில் நிலார், வீட்டில் அங்கயற்கண்ணி என்று
இரண்டு எழுத்தில் பெயர் எழுதுகிறவள் நான்,
வரிக்கு மேலும் கீழும் இடம் விட
எனக்கே மறந்திருக்கிறது.

"நல்லாயிருக்கு" என்றார் டோ மியா யின்.
"முக்கியமா அந்தச் சுத்துற வட்டம்."

அன்றிரவு ஒன்பதுக்கு விளக்குப் போனது.
தெரு கண்ணை மூடியதும் காது திறந்தது.
மணிச் சத்தம்.
எதிர் வரிசை ஐந்தாம் மாடியிலிருந்து தொங்கும் கயிறு,
நுனியில் காகிதம் கவ்வும் கவ்வி.
கீழே மருந்துக்கடைப் பையன், வாயில் டார்ச்.
சின்னப் பையொன்றை மாட்டி இழுத்தான்,
மேலே மணி அடித்தது,
பை ஏறியது.
அதே கவ்வியில் பணம் இறங்கியது.

என் பால்கனியிலும் உண்டு ஒன்று, பச்சை நைலான்.
தண்ணீர் ரசீதும் கொத்தமல்லியும் அதில்தான் வருகின்றன.
இத்தனை வருடம் அதை விலக்கி விலக்கித்தான்
துணி காயப்போட்டிருக்கிறேன்.

தாங்காத எடையை அது ஏற்றுவதில்லை.
இழுத்தவனுக்கு, கேட்டுவிட்டது என்று மணி சொல்லிவிடுகிறது.
கை சோர்ந்து பாதியில் நின்றாலும்
பை எங்கே நிற்கிறது என்று
தெருவில் போகிறவனுக்கும் தெரியும்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
மின்கட்டண ரசீதின் முதுகில் வரைந்தேன்.
மேலே கடைப்பெயர்.
நடுவில் ஒரு பெட்டி: என்ன வேண்டும்?
கீழே கட்டைவிரல் அகலத்துக்குப் பொத்தான்.
சுற்றிலும் வெள்ளை,
கயிறு சுவரில் உரசாமல் இறங்க.

விளக்கு வந்ததும் படங்களைக் கழற்றினேன்.
மாத்திரைப் பட்டையை மட்டும்
இரண்டு முறை மலரவிட்டுப் பார்த்து
அழித்தேன்.
மூன்றரை மெகாபைட், முப்பத்தெட்டு கிலோபைட் ஆயிற்று.
வரி இடைவெளியைக் கூட்டினேன்,
எழுத்துகள் கால் நீட்டிக்கொண்டன.
இணைப்பு அறுந்தால் கேட்டது கைப்பேசியிலேயே காத்திருக்கும்,
வந்ததும் தானே ஏறும்.
பொத்தானை அழுத்தினால் ஒரு மணி
ஒரே ஒரு தடவை அசையும்.

வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதற்குள்
பக்கம் வந்துவிட்டது.
டோ மியா யின்னுக்கு முகம் தொங்கிப்போயிற்று.
"வட்டம் எங்கே?
தங்கம்?"

ஒரு மணிநேரப் பேரம்.
பொத்தானுக்கு மேலே மயிரிழைக் கனத்தில்
ஒரு தங்கக் கோடு கொடுத்தேன்.
வட்டத்தில் மட்டும் இறங்கி வரவில்லை.
மீதிப் பணத்தில் அவரும்
இறங்கி வரவில்லை.

முதல் கோரிக்கை
அன்றிரவு பத்தே முக்காலுக்கு, இருட்டில்.
பெயர், மாடி, மருந்து எல்லாம் கேட்டிருந்தேன்.
எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் திணித்து
யாரோ எழுதியிருந்தார்கள்:
காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை. நாலாம் மாடி.
நீலக் கயிறு. மணி உடைந்திருக்கிறது,
சத்தமாய்க் கூப்பிடவும்.

கயிற்றின் நிறத்துக்கு
நான் பெட்டி வைக்கவில்லை.