படிவம் 4-பி, மூன்றாம் பத்தி

ஆய்வுக் கட்டுரை நான்கு வேண்டும்.
இரண்டுதான் இருக்கிறது,
ஒன்றில் என் பெயர் ஆறாவது.

கற்பித்தலுக்கு ஒரே கட்டம்:
ஆண்டுகள், எண்ணில்.
பதினேழு.

வயிற்றைத் தொடுமுன்
உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொன்னதை
எதில் நிரப்ப?
"வேதனயுண்டோ" என்றோ "நோவுதா" என்றோ,
வந்தவர் எந்தக் கரையோ அந்தப் பேச்சில்,
முகம் பார்த்துக் கேட்கப் பழக்கியதை?

நேற்று பாறசாலை அவசரப் பிரிவிலிருந்து
அஜின் ஸ்டான்லி.
மெடிசினில் மூன்று முறை தோற்றவன்.
"மேடம், இடப்பக்கம் சரிச்சுப் படுக்கவெச்சேன்.
கேக்குது மேடம், அந்த உருமல்."

மணி இரண்டேகால்.
ஜன்னலுக்கு வெளியே
களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் லாரி வரிசை.

"மூச்சை வெளிய விட்டு
நிறுத்தச் சொல்லு. இப்பம் கேளு."

நானும் நிறுத்தியிருந்தேன்.

படிவம் திங்கள் ஐந்து மணிக்குள்,
சான்று நகல் இரண்டுடன்.