அளக்கத் தண்ணீர் இல்லாத முள்

கோரிக்ஸாஸ் பங்கில் வண்டி நின்றபோது
முள் ‘ஈ’க்கு மேலே ஒரு நகக்கண் அளவு.
கண்ணாடியில், சரியாக அதே இடத்தில்,
நிஜ ஈ ஒன்று உட்கார்ந்து
கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
ஆங்கில எழுத்துதான். தமிழில் படித்தால்
ஒற்றை எழுத்தில் ஒரு விண்ணப்பம்:
கொடு.

அல்வீனா எஞ்சினை அணைத்தாள்.
“அதையும்” என்றாள், ஃபெஸ்டஸின் வாயைப் பார்த்து.
அவன் இன்னும் பற்றவைக்கவே இல்லை.
விவாகரத்தாகி நான்கு வருடம்;
அந்த ‘அதையும்’ மட்டும் தேயாமல் இருக்கிறது.
மகள் ஸெல்மா செஸ்ஃபொன்டெய்ன் விடுதியில்.
நாளை அவளுக்கு ஓட்டப்பந்தயம்.
இரண்டு வண்டிக்குப் பெட்ரோல் போடக் காசில்லை.

பங்க்காரன் தீமோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான்,
நீயே போட்டுக்கொள் என்று எலும்பை ஆட்டினான்.
இறங்கியதும் கதவின் வெற்று இரும்பைத் தொட்டாள்.
சுருக்.
நைலான் சட்டை, எலும்பு வரை காய்ந்த காற்று.
“டேங்க் வாயில் விழவேண்டிய பொறி
இங்கேயே விழுந்து தொலையட்டும்.”
கேனை இறக்கித் தரையில் வைத்து நிரப்பினாள்.
(வண்டி முதுகின் பிளாஸ்டிக் விரிப்பிலேயே வைத்து நிரப்பிய
அவள் தம்பிக்குப் புருவம் பாதிதான் முளைத்திருக்கிறது.)
குழாய் டக்கென்றது. எடுத்துவிட்டாள்.
“இன்னும் கொஞ்சம் பிடிக்கும்” என்றான் அவன்.
“வெயிலில் அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும்.”

பெட்ரோல் முள் முதலில் அசையவே அசையாது,
சம்பளம் வாங்கிய முதல் வாரம் போல.
பாதி தாண்டியதும் மளமளவென்று சரியும்.
அதனால் அவள் முள்ளை நம்புவதில்லை.
கிளம்பும்போது மீட்டர் காட்டிய எண்ணைச்
சோப்புத் துண்டால் கண்ணாடி ஓரத்தில் எழுதிவைக்கிறாள்.

சரளைச் சாலை. சிவப்புக் கற்கள்.
இலைகளை மூடிக்கொண்டு வெயிலைத் தாங்கும் மொபானே மரங்கள்.
தொண்ணூறாவது கிலோமீட்டரில்
இன்னொரு முள், வெப்பத்தின் முள்,
நடுக்கோட்டைத் தாண்டி ஏறத் தொடங்கியது.
அல்வீனா ஹீட்டரை முழுசாகத் திருகினாள்.
“பைத்தியமா? நாற்பத்தொரு டிகிரி!”
“எஞ்சினுடைய சூட்டைக் கொஞ்சம் நாம் வாங்கிக்கொள்வோம்.
நிற்க நிழல் கிடைக்கும்வரை.”
வாங்கிக்கொண்டார்கள். முகம் எரிய,
பேசாமல், பழைய நாட்களைப் போலவே.

பிறகு முள் விழுந்தது.
சட்டென்று, குளிர்ப் பக்கத்துக்கு.
ஹீட்டரிலிருந்தும் குளிர்ந்த காற்று.
“அப்பாடா” என்றான் ஃபெஸ்டஸ், “ஆறிவிட்டது.”
அவள் அதற்குள் ஓரம் கட்டி அணைத்திருந்தாள்.

“ஆறவில்லை. தண்ணீரே இல்லை.
தண்ணீரைத் தொட்டால்தான் அது சூடு சொல்லும்.
அளக்க ஒன்றும் இல்லாவிட்டால்
குளிர் என்றுதான் காட்டும்.”

வண்டியைப் பற்றித்தான் சொன்னாள்.

அவன் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியை நோக்கிக் குனிந்தான்.
“தொடாதே.”
“ஆவி போகட்டுமே.”
“உன் முகத்தோடு போகும். உட்கார்.”

ஒரு மணி நேரம். வண்டியின் நிழல் ஓர் ஆள் அகலம்,
அதில் இருவர்.
உள்ளே இரும்பு டிக், டிக் என்று சுருங்கும் சத்தம்.
எங்கிருந்தோ வந்த ஓர் ஆடு இருவரையும் பார்த்துவிட்டுப் போயிற்று.
“அந்தக் கடைசி வருடம்” என்று தொடங்கினான்.
“நீ கத்தவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.”
அவள் சோப்பில் எழுதிய எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெகுநேரம் கழித்து, கேலி இல்லாமல்,
“நினைத்திருப்பாய்” என்றாள்.

மூடி கைக்கு ஆறியது. கால் சுற்று திருகி, நின்று,
பிறகு முழுதும்.
கிழிந்த குழாய்க்கு டேப், அதன்மேல் அவன் துண்டின் கிழிசல்.
ஐந்து லிட்டர் தண்ணீர். கடைசி லிட்டருக்கு
அவன் தன் குடிநீர் பாட்டிலைத் திறந்தான்.

முள் நடுவில் வந்து நின்றது.
மெதுவாகத்தான் ஓட்டினாள்.
ஓட்டம் காலை ஏழு மணிக்கு.